பெரியப்பாவோட பழைய மெயிலெல்லாம் எக்ஸ்பி சிபியூலேருந்து புது லேப்டாப்புக்கு ஏத்தின கதை, வழிமுறையோட

மன்னார்குடி பக்கம் எங்க பெரியப்பா வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடக்கு, விண்டோஸ் எக்ஸ்பி, 2005ல அண்ணன் சிங்கப்பூர் போன புதுசுல வாங்கிப் போட்டது. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப சிபியூவ தார்ப்பாய்ல சுத்தி பத்தாயத்து மேல ஏத்தி வெச்சிருந்தாங்க, அதனால தப்பிச்சுது. இப்ப அண்ணன் புது லேப்டாப் வாங்கி அனுப்பிட்டு பழச எடைக்கு போட்ருங்கப்பான்னு போன்ல சொல்லிட்டான். பெரியப்பா என்னைக் கூப்ட்டு "தம்பி, அதுல லெட்டரெல்லாம் கெடக்குதேடா, அது என்னாவும்?"ன்னார். லெட்டர்னா அண்ணன் எழுதின மெயில், எல்லாம் அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல, எக்ஸ்பியோடயே வந்த மெயில் புரோகிராம் அது. ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஏத்திக் குடுத்தேன். அதைத்தான் எழுதறேன், உங்க வீட்லயும் இப்டி ஒன்னு தூசி படிஞ்சு கெடந்தா உதவும்.

மொதல்ல மெயில் உண்மையில எங்க இருக்குன்னு பாருங்க, பாதி பேர் இதைப் பாக்காமதான் மாட்டிக்கிறாங்க. போன்ல பிரவுசர் திறந்து அந்த மெயில் ஐடில லாகின் பண்ணி, இருக்குறதுலயே பழைய மெயில் ஒன்ன தேடிப் பாருங்க. வந்துட்டா ஒரு வேலையும் இல்ல, எல்லாம் சர்வர்லயே இருக்கு, புது லேப்டாப்ல லாகின் பண்ணா வந்துரும், இதுக்கு மேல படிக்கவே வேணாம். வரலன்னா அது பாப் செட்டிங்ல, அதாவது சர்வர்லேருந்து கம்ப்யூட்டருக்கே எறக்கிக்கிற முறைல, எறக்கின மெயிலா இருக்கும். அந்தக் காலத்துல மெயில்பாக்ஸே சின்னது, அதனால எறக்கினதும் சர்வர்லேருந்து அழிச்சிடுற மாதிரிதான் செட்டிங் இருக்கும். மடை வழியா வயலுக்கு வந்துட்ட தண்ணிய மறுபடி ஆத்துல போயி தேட முடியுமா, அந்த மாதிரிதான், அந்த ஹார்டு டிஸ்க் ஒன்னுதான் ஒரே காப்பி. இது தெரியாம எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கடையில குடுத்து ஃபார்மேட் அடிச்சு வாங்கிட்டு வந்து ஜிமெயில்ல தேடு தேடுன்னு தேடினார், போனது போனதுதான்.

பழசு ஆன் ஆகும்போது தேதி 2002ன்னு காட்டி எஃப்1 அழுத்துன்னு நின்னா பயப்படாதீங்க, மதர்போர்டுல இருக்குற சிஆர்2032 வட்ட பேட்டரி செத்துப்போச்சு, வாட்ச் கடையில கெடைக்கும். ஆனே ஆகலன்னா ஹார்டு டிஸ்க்க மட்டும் கழட்டிக்கலாம், பட்டையா அகலமா கேபிள் வந்தா அது ஐடிஇ, ஒல்லியா வந்தா சாட்டா, ரெண்டுக்கும் சேத்தே யூஎஸ்பி அடாப்டர் இருக்கு, அதைப் போட்டு புது லேப்டாப்ல பென்டிரைவ் மாதிரி சொருகிப் படிக்கலாம். பழச நெட்ல மட்டும் சேக்காதீங்க, எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014லயே அப்டேட்ட நிறுத்திட்டாங்க.

ஆன் ஆனதும் அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டெனன்ஸ் போயி ஸ்டோர் ஃபோல்டர்ங்கற பட்டன அமுக்கினா மெயில் எங்க கெடக்குன்னு பாத் வரும். அந்தக் கட்டம் ரொம்பச் சின்னது, பாத் முழுசாத் தெரியாது, அதனால உள்ள கிளிக் பண்ணி ஹோம் அடிச்சு, ஷிஃப்ட புடிச்சுக்கிட்டு எண்ட் அடிச்சு காப்பி பண்ணி ஸ்டார்ட் மெனு ரன்ல ஒட்டி என்டர் தட்டுங்க, ஃபோல்டர் தானா தொறக்கும். கையால தேடிப் போனா அது ஒளிச்சு வெச்ச ஃபோல்டர், சுத்திச் சுத்தி வருவீங்க. உள்ள இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ்னு ஒவ்வொன்னுக்கும் ஒரு டிபிஎக்ஸ் ஃபைல் இருக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ மூடிட்டு அந்த ஃபோல்டர அப்படியே பென்டிரைவ்ல காப்பி போடுங்க. வேற எந்த வேலையும் இதுக்கப்பறம்தான். பென்டிரைவ் ஃபேட்32லயே இருக்கட்டும், அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாதுன்னாலும் டிபிஎக்ஸ் 2 ஜிபிய தாண்டாது, பிரச்சனை இல்ல. சிடில எழுதாதீங்க, திரும்ப எடுக்கும்போது எல்லாம் ரீட் ஒன்லியா வந்து நிக்கும்.

இன்னொன்னு, அவுட்லுக் எக்ஸ்பிரஸ மூடும்போது எடத்தை மிச்சம் பண்ண மெசேஜ கம்பாக்ட் பண்ணவான்னு ஒரு பெட்டி வரும், கேன்சல் குடுங்க. பாதில கரண்ட் போனா அந்த ஃபோல்டரே காலி. நான் உக்காந்தது ஐப்பசி மழை நேரம், மத்தியானத்துல மூனு தடவை கரண்ட் போச்சு, யூபிஎஸ்ல பேட்டரி செத்து வருஷக்கணக்காச்சு. பெரியம்மா டீ குடுத்துட்டு "இன்னிக்கே முடிக்கணுமாடா, கரண்ட் ஒழுங்கா நிக்கட்டுமே"ன்னாங்க, அதுதான் சரின்னு அன்னிக்கு காப்பியோட எந்திரிச்சுட்டேன்.

அடுத்தது மாத்துறது. டிபிஎக்ஸ புதுசுல எதுவும் நேரா தொறக்காது. நெட்ல தேடினா காசு கேக்குற கன்வெர்ட்டரா வரும், வாங்காதீங்க, தேவையே இல்ல. தண்டர்பேர்டுன்னு மொஸில்லாவோட மெயில் புரோகிராம் இருக்கு, இலவசம், எக்ஸ்பில ஓடுற கடைசி வரிசை 52, புது லேப்டாப்ல மொஸில்லாவோட பழைய வெர்ஷன் பக்கத்துலேருந்து எறக்கி பென்டிரைவ்ல பழசுக்குக் கொண்டு போங்க, எக்ஸ்பி பிரவுசர்ல இப்ப பாதி சைட்டு தொறக்கவே தொறக்காது. இன்ஸ்டால் பண்ணதும் அக்கவுன்ட் போடச் சொல்லும், கேன்சல். மெனு காணோமேன்னு தேடாதீங்க, ஆல்ட் தட்டினா வரும். டூல்ஸ், இம்போர்ட், மெயில், அவுட்லுக் எக்ஸ்பிரஸ், அவ்ளோதான், கொஞ்ச நேரத்துல லோக்கல் ஃபோல்டர்ஸ் கீழ அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில்னு ஒரு ஃபோல்டர் வந்துரும். ஒவ்வொரு ஃபோல்டர்லயும் எத்தன மெயில்னு ரெண்டு பக்கமும் எண்ணிக்கைய ஒத்துப் பாத்து பேப்பர்ல குறிச்சுக்குங்க.

அட்ரஸ் புக் தனி, அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல ஃபைல், எக்ஸ்போர்ட்ல போயி சிஎஸ்வியா எடுத்து வெச்சுக்குங்க, மறந்துடாதீங்க, நான் மறந்துட்டு திரும்ப பஸ் ஏறிப் போனேன்.

இப்ப பழசுல தண்டர்பேர்டு ப்ரொஃபைல்ல, அதாவது அது மெயில், செட்டிங்கெல்லாம் போட்டு வெச்சிருக்குற ஃபோல்டர்ல, மெயில், அதுக்குள்ள லோக்கல் ஃபோல்டர்ஸ் போங்க. ப்ரொஃபைல் ஃபோல்டர் எங்கன்னு தெரியலன்னா ஹெல்ப் மெனுல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் தொறந்தா அங்கேருந்தே போக ஒரு பட்டன் இருக்கும். அங்க அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில்ங்கற பேர்ல வால் (எக்ஸ்டென்ஷன்) இல்லாத ஒரு ஃபைலும், அதே பேர்ல கடைசில புள்ளி எஸ்பிடின்னு ஒரு ஃபோல்டரும் இருக்கும், ரெண்டையும் சேத்து எடுக்கணும், ஒன்ன விட்டா ஃபோல்டர் தெரியாது. எம்எஸ்எஃப்னு முடியறதெல்லாம் வெறும் இன்டெக்ஸ், விட்ருங்க, புதுசு தானா போட்டுக்கும். எக்ஸ்பில சொருகின பென்டிரைவ புதுசுல தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வைரஸ் ஸ்கேன் ஓட்டிருங்க. புது லேப்டாப்ல இப்ப இருக்குற தண்டர்பேர்ட போட்டு, அக்கவுன்ட் சேத்து, அதே ஹெல்ப் வழியா ப்ரொஃபைல் ஃபோல்டரத் தொறந்து வெச்சுட்டு, தண்டர்பேர்ட முழுசா மூடிட்டு, அங்க இருக்குற லோக்கல் ஃபோல்டர்ஸ்ல ஒட்டுங்க. திரும்பத் தொறந்தா எல்லாம் வரிசையா நிக்கும். பேப்பர்ல குறிச்ச எண்ணிக்கைய இங்கயும் ஒரு தடவை பாத்துருங்க.

எங்களுக்கு வந்துச்சு, ஆனா 2005, 2006 மெயில் சிலது பூச்சி மாதிரி என்னென்னமோ எழுத்தா தெரிஞ்சுது. பெரியப்பா மொகம் வாடிப்போச்சு. அது மெயில் கெட்டதில்ல, அண்ணன் அப்ப தமிழ டிஸ்கி ஃபான்ட்ல அடிச்சிருக்கான், அது பழைய தமிழ் எழுத்து முறை, இப்ப எல்லாரும் அடிக்கிற யூனிகோட் இல்ல. பழசுல அந்த ஃபான்ட் இருந்துச்சு, புதுசுல இல்ல. அந்த எழுத்தை காப்பி பண்ணி என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்னுல ஒட்டி டிஸ்கிலேருந்து யூனிகோடுக்கு மாத்தினா தமிழா வந்துரும். பழசுல விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்குற தமிழ் ஃபான்டையும் கையோட எடுத்து வெச்சுக்கறது நல்லது. மாத்தினதும் மொத வரியே "அப்பா, இங்க சோறு குழைஞ்சு போவுது"ன்னு இருந்துச்சு, பெரியப்பா கண்ணாடிய தொடச்சுக்கிட்டு இன்னொரு தடவை படின்னார்.

உங்களது எக்ஸ்பிரஸ் இல்லாம ஆபீஸோட வந்த அவுட்லுக்னா வேலை பாதிதான். பிஎஸ்டின்னு ஒரே ஃபைல், அவுட்லுக்க மூடிட்டு காப்பி பண்ணி புதுசுல இருக்குற கிளாசிக் அவுட்லுக்ல ஃபைல், ஓப்பன்னு குடுத்தா தொறந்துரும். அது 4 ஜிபிக்கு மேல இருந்தா பென்டிரைவ என்டிஎஃப்எஸ்ல ஃபார்மேட் பண்ணிக்குங்க. ஓஎஸ்டின்னு இருந்தா அத எடுத்து பிரயோஜனம் இல்ல, அது சர்வர்ல இருக்குற மெயிலுக்கு அந்த மெஷின் வெச்சிருக்குற தற்காலிக காப்பி மட்டுந்தான்.

ஜிமெயில்லயும் ஒரு காப்பி வேணும்னா தண்டர்பேர்டுல ஐமேப்ல, அதாவது மெயில சர்வர்லயே வெச்சுப் பாக்குற முறைல, ஜிமெயில சேத்து அதுக்குள்ள புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு, மெயிலைப் பிடிச்சு இழுத்து காப்பி பண்ணலாம். மூவ் வேணாம், காப்பி. ஒரு நாளைக்கு ஐமேப்ல 500 எம்பிதான் ஏத்த விடும், அதனால ஒரேயடியா இழுக்காதீங்க, ஒவ்வொரு வருஷத்து மெயிலா பிரிச்சு ஏத்துங்க. ஃபோட்டோ, டிரைவ் எல்லாம் சேத்து 15 ஜிபிதான் இலவசம்ங்கறதயும் பாத்துக்குங்க.

பழைய ஹார்டு டிஸ்க்க கழட்டி, பேர் தேதி எழுதி ஒட்டி பெரியப்பாகிட்டயே குடுத்துட்டேன், சிபியூ டப்பாவத்தான் எடைக்குப் போட்டோம். ஹார்டு டிஸ்க்க அவர் துணில சுத்தி பத்தாயத்து மேலயே வெச்சிருக்கார்.