வானில் தெரிந்த விளக்கைப் பற்றி எழுதுவது எப்படி?

1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலைக்கருகே விமானம் ஓட்டிச்சென்ற கென்னத் அர்னால்டு, ஒன்பது பொருள்கள் வரிசையாக விரைந்து செல்வதைக் கண்டதாகக் கூறினார். நீர்ப்பரப்பின் மேல் வீசிய தட்டு தத்திச் செல்வதைப் போல அவை பறந்தன என்று தாம் சொன்னதாகவும், அதைச் செய்தியாளர்கள் தவறாகப் புரிந்துகொண்டதாகவும் அவர் பிற்பாடு விளக்கினார். அசைவுக்குச் சொன்ன உவமை செய்தித்தாளில் வடிவமாக மாறியது. ‘பறக்கும் தட்டு’ என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. பறக்கும் தட்டையோ பேயையோ பற்றி எழுதத் தொடங்குபவர் முதலில் தவிர்க்க வேண்டிய பிழை இதுவே.

படி 1: பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்

குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் சாட்சி கண்டதையும் கேட்டதையும், வலப்பக்கத்தில் அதற்கு அவர் கொண்ட பொருளையும் எழுதுங்கள். “மேற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே வெள்ளை ஒளி இருபது நிமிடம் நின்றது” என்பது இடப்பக்கத்துக்கு உரியது; “அது எங்களைக் கண்காணித்தது” என்பது வலப்பக்கத்துக்கு உரியது. “மாடியில் யாரோ நடந்தார்கள்” என்ற வாக்கியத்திலோ ஓசை மட்டுமே இடப்பக்கம் சேரும். ‘யாரோ’ வலப்பக்கம் போக வேண்டும்.

படி 2: கேள்வியில் பதிலை வைக்காதீர்கள்

உளவியலாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துக் காட்சிகளைப் பார்த்தவர்களிடம் வாகனங்களின் வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் ‘நொறுங்க மோதிய’ என்ற பொருள்தரும் சொல் இருந்தபோது சராசரி விடை மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், ‘தொட்ட’ என்ற பொருள்தரும் சொல் இருந்தபோது சுமார் 32 மைல். ஆகவே “கலம் எவ்வளவு பெரியது?” என்று கேட்காமல், “என்ன பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, இடைமறிக்காமல் காத்திருங்கள். தொலைவு தெரியாத ஒளியின் அளவை அடிக்கணக்கில் யாராலும் சொல்ல முடியாது என்பதால், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அதை மறைத்திருக்குமா என்று கேளுங்கள். முழுநிலவையே அந்த விரல் எளிதாக மறைத்துவிடும்.

படி 3: எளிய காரணங்களைச் சரிபாருங்கள்

நாள், நேரம், திசை மூன்றும் கையிலிருந்தால், வெள்ளிக் கோள் அங்கே இருந்ததா, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை கடந்ததா என்று வானியல் செயலிகளில் பார்த்துவிடலாம். இருளில் தனித்த ஒளியை உற்றுப்பார்த்தால் அது நகர்வதாகவே தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: விளக்கத்தை எங்கே வைப்பது?

பலர் தடுமாறும் இடம் இது. 1980 டிசம்பரில் இங்கிலாந்தின் ரெண்டில்ஷாம் காட்டில் அமெரிக்க விமானப்படையினர் விசித்திர ஒளிகளைக் கண்டதாகச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று ஆர்ஃபர்டுநெஸ் கலங்கரை விளக்கத்தின் ஒளியே என்பது ஐயவாதிகளின் விளக்கம். அந்தக் கலங்கரை விளக்கத்தை மறைத்து எழுதினால் கட்டுரை பரபரப்பாக இருக்கும், ஆனால் விவரம் அறிந்த வாசகர் உங்களை மறுபடி நம்பமாட்டார். “வெறும் கலங்கரை விளக்கம்தான்” என்று முதல் வரியிலேயே தொடங்கினாலோ, அந்த இரவில் அவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பதை வாசகர் உணரவே மாட்டார். என் பரிந்துரை, காட்டையும் கடற்கரையையும் வருணிக்கும் தொடக்கப் பத்தியிலேயே, சுழலும் அந்த விளக்கையும் அழுத்தம் தராமல் குறிப்பிட்டுவிடுவதாகும். சாட்சியோடு இருளில் நடக்கும் வாசகரிடம் தடயமும் இருக்கும், அச்சத்துக்கும் குறைவிராது. (பேய்க்கதை சொல்லத் தெரிந்த பாட்டிகளுக்கு இந்த நுட்பம் புதிதல்ல.)

படி 5: மிச்சமிருப்பதை மிச்சமாகவே விடுங்கள்

பறக்கும் தட்டு போன்ற நிகழ்வுகளை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் முடிவுக்கு வந்தபோது, 1947 முதல் பதிவான 12,618 நிகழ்வுகளுள் 701 அடையாளம் காணப்படாமல் இருந்தன. இவ்விரு எண்களையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘அடையாளம் காணப்படாதது’ என்ற சொல்லை ‘வேற்றுலகினது’ என்று மாற்றாதீர்கள். விடை கிடைக்காத நிகழ்வாயின், எந்தத் தகவல் இருந்திருந்தால் அது தெளிந்திருக்கும் என்பதைக் கடைசிப் பத்தியில் குறிப்பிடுங்கள்: அதே நேரத்தில் வேறோர் இடத்திலிருந்து எடுத்த இன்னொரு படம் இருந்திருந்தால், அந்த ஒளி எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் கணக்கிட்டிருக்கலாம்.