கோட்டையூர் இரண்டு: லிங்க் கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டைப் பற்றி இணையத்தில் கிடைப்பதை எல்லாம் ஒரே ஜேசன் கோப்பில், அதாவது கருவிகள் படிக்கத்தக்க ஓர் உரைக் கோப்பில், சேர்த்து வருகிறேன். நகரக் கோயில் ஒன்பதின் தலவரலாறு, ஆத்தங்குடிக் கல் செய்யும் முறை, கானாடுகாத்தான் வீடுகளின் படங்கள், பழைய நூல்களின் ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஊர், தலைப்பு, லிங்க், கடைசியாகப் பார்த்த தேதி என நாலு விவரம். கோப்பைச் சரிபார்க்க, கட்டளை தட்டும் டெர்மினலில் ஜேக்யூ என்ற கருவி. லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க கர்ல் என்ற கருவி. இவ்வளவு எளிய ஏற்பாட்டிலும் நான் கெடுத்துக்கொண்டது கொஞ்சமில்லை.

முதலில், என்னை அரை நாள் அழவைத்தது. ஊர் வாரியாக வரிசைப்படுத்த ஜேக்யூவை ஓட்டினேன். வெளியீட்டை அம்புக்குறி போட்டு அதே கோப்பின் பெயருக்கே திருப்பிவிட்டேன். திரையில் ஒரு பிழையும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஜேக்யூவை விட்டு வடிவம் சரியா என்று பார்த்தேன். அப்போதும் சத்தமில்லை. நல்லது என்று காபி குடிக்கப் போய்விட்டேன். சாயங்காலம் பார்த்தால் கோப்பின் அளவு 0.

நடந்தது இதுதான். அம்புக்குறியைக் கண்டதும், நம் கட்டளையை வாங்கி நடத்தும் ஷெல் அந்தக் கோப்பைத் துடைத்துத் தயாராக வைத்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஜேக்யூ படிக்க வருகிறது. படிக்க ஒன்றும் இல்லாததால் எழுதவும் ஒன்றும் இல்லை. கொடுமை என்னவென்றால், வெற்றுக் கோப்பு ஜேக்யூவின் கண்ணுக்குத் தவறே இல்லை. ஆகவே வெளியீட்டை எப்போதும் வேறு பெயரில் எழுதுங்கள். பழையதில் எத்தனை பதிவு, புதியதில் எத்தனை பதிவு என்று எண்ணி, இரண்டும் ஒத்து வந்த பிறகே பெயரை மாற்றுங்கள். கை வைப்பதற்கு முன், கோப்பின் பழைய நிலைகளைக் காத்து வைக்கும் கிட்டில் ஒரு கமிட் போட்டிருந்தால் என் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

வடிவச் சோதனை சொல்வது மிகக் குறைவு. கடைசிப் பதிவுக்குப் பின் ஒரு கமா மிச்சம் இருந்தால் கத்தும். ஆனால் லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள்குறி இருந்தால் கண்டுகொள்ளாது. ஒரே பதிவில் லிங்க் என்ற பெயரே இரண்டு முறை வந்தால் பின்னால் வந்ததை வைத்துக்கொண்டு முன்னதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எந்த விவரம் கட்டாயம் என்ற விதியை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் தமிழுக்கே உரிய ஒரு வம்பு. தேவகோட்டையிலிருந்து அம்மான் ஒருவர் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவார். ஒருநாள் கேட்டார்: "என்னப்பா, கோட்டையூர் ரெண்டு இடத்துல இருக்கு?" பார்த்தால் ஆமாம். ஊர்ப் பட்டியலில் கோட்டையூர் இரண்டு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'கோ' என்பதை ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீட்டில் எழுதலாம். ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு வேறு வேறு. மணமான குடும்பம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக எண்ணும் நகரத்தார் கணக்கில் ஒரு புள்ளியை இரண்டு தடவை எழுதின மாதிரி. இதைத் தீர்க்க என்எஃப்சி என்னும் இயல்பாக்கம் இருக்கிறது. பைத்தானில் ஒரே வரியில் செய்துவிடலாம். ஊர்ப் பெயருக்கும் தலைப்புக்கும் தாராளமாகச் செய்யுங்கள். லிங்க்கின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தத் தளத்தின் சர்வர் பழைய குறியீட்டு வரிசையையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒப்பிடுவதற்கு மட்டும் ஒரு நகலை மாற்றிக்கொண்டால் போதும்.

லிங்க்குக்குள் தமிழ் வந்தால் இன்னொரு வேடமும் உண்டு. காரைக்குடி என்பது 10 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 30 பைட். லிங்க்கில் வருவது போல ஒவ்வொரு பைட்டையும் சதவீதக்குறியும் இரண்டு எழுத்துமாக எழுதினால் 90 எழுத்து நீளும். ஒருவர் தமிழிலும் இன்னொருவர் அந்த நீள வடிவிலும் அனுப்பினால் கருவி இரண்டையும் புதிது என்றே சேர்க்கும்.

இனி கர்ல். சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பதில் எண் தரும். பக்கம் இல்லை என்று 404 வந்தாலும், தனியாகச் சொல்லாவிட்டால் கர்ல் வெற்றி என்றே முடித்துக்கொள்ளும். ஃபெயில் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால்தான் 22 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். சில சர்வர்கள், பக்கத்தைக் கேட்காமல் அதைப் பற்றிய விவரக் குறிப்பை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கையை 405 என்று மறுக்கும். பக்கம் நன்றாகவே இருக்கும். ஒரே தளத்தை மூச்சுவிடாமல் தட்டினால் 429 வரும். அது நம் அவசரத்துக்குக் கிடைத்த பதில்.

ஒரு தடவை வராத லிங்க்கை உடனே நீக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். 2024 அக்டோபரில், பழைய நூல்களையும் பக்கங்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கியது. அந்த வாரம் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் ஓடியிருந்தால் பழைய நூல் ஸ்கேன்களில் பாதி போயிருக்கும். பூட்டின வீடெல்லாம் இடிந்த வீடு இல்லை. சில நாள் இடைவெளியில் மூன்று முறை பார்த்து, அதற்குப் பிறகும் நீக்காமல் நிலை என்ற ஐந்தாவது விவரத்தில் குறித்து வைக்கிறேன். 301 வந்தால் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா நூலகம் சென்னைக்குப் போனது போல. விலாசத்தைத் திருத்தினால் போதும். 302 தற்காலிகம், அதைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, எல்லாம் சரி என்று சொல்லும் 200தான். தளத்தின் பெயரான டொமைனைப் புதுப்பிக்க உரியவர்கள் மறந்திருப்பார்கள். வேறு யாரோ வாங்கி விளம்பரம் போட்டிருப்பார்கள். கர்ல் 200 என்று சொல்லும். முகப்பு அப்படியே நிற்க, வளவு என்னும் உள் முற்றத்துக்குள் போனால் தேக்குத் தூண்கள் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்ட வீடு மாதிரி. லிங்க்கைச் சேர்க்கும் நாளிலேயே பக்கத்தின் தலைப்பைக் கோப்பில் எழுதி வைத்தால், சோதனையின்போது ஒப்பிட்டு மாறியதை மட்டும் பிரித்தெடுக்கலாம். அப்படிப் பிரிந்து வருகிறவற்றை நான் அம்மானுக்கே அனுப்பிவிடுகிறேன். போன வாரம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தார்: "இரணியூர்க் கோயிலைத் தொட்டா எவனோ கடன் வேணுமாங்கிறான். எடுத்துரு."