மூளைக்காயப் புனர்வாழ்வில் பயிற்சியும் ஆய்வும்: மட்டக்களப்பிலிருந்து எப்படித் தொடங்குவது?

நான் மட்டக்களப்பில் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளை மறுபடி பழக்குபவர். தலையில் அடிபட்டவர்களோடுதான் என் வேலை. இந்தத் துறைக்கு வர விரும்பும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் பார்க்கப் பழகுங்கள். ஒருவரைத் தேத்தண்ணி போடச் சொல்லுங்கள். கேத்தலை அடுப்பில் வைப்பார், சீனி போடுவார், தேயிலையை மறந்துவிட்டுக் கோப்பையை நீட்டுவார். கை நன்றாக இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒழுங்குதான் குலைந்திருக்கிறது. எந்த இடத்தில் தடுமாறினார் என்று அன்றே எழுதி வையுங்கள். நல்ல ஆய்வுக் கேள்விகள் அந்தக் கொப்பியில்தான் கிடைக்கும்.

மருத்துவர் என்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் புனர்வாழ்வு மருத்துவத்துக்கு வழி உண்டு. தெரபிஸ்ட் என்றால் ராகமை புனர்வாழ்வு மருத்துவமனையின் வேலையை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். கடல் தாண்ட முடிந்தால் வேலூர் சிஎம்சி (கிறித்துவ மருத்துவக் கல்லூரி), பெங்களூர் நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்) இரண்டிலும் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் "ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதாமல், நீங்கள் கண்ட ஒரு நோயாளியின் முன்னேற்றத்தைப் பெயர் சொல்லாமல் எழுதுங்கள்.

சரி, ஆய்வு? சிறிதாகத் தொடங்குங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் எப்படி இருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. அதை அளக்க, இறப்பு முதல் நல்ல மீட்சி வரை எட்டுப் படிகள் கொண்ட விரிவாக்கப்பட்ட கிளாஸ்கோ விளைவு அளவுகோல் உண்டு. ஆய்வு நோயாளிக்குத் தீங்கில்லாமல் நடக்குமா என்று பார்க்கும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வருமுன் ஒரு தகவலும் சேகரிக்காதீர்கள். சம்மதத்தைப் புரிந்து சொல்லும் நிலையில் நோயாளி இல்லாவிட்டால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். தெளிந்தபின் அவரிடமே மறுபடி கேளுங்கள்.