கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். 1967 முதல் சரணாலயமாகவும், 2002 முதல் ராம்சர் தலமாகவும் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) இருக்கும் இந்த இடத்தில் புதியவர்கள் சீசன்தோறும் செய்கிற தவறுகள் வேறு.

கூட்டத்தை எழுப்பிவிடுவது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். பூநாரையின் இறக்கைச் சிவப்பு பறக்கும்போதுதான் முழுதாகத் தெரியும் என்று யாராவது ஒருவர் கைதட்டிக்கொண்டே சதுப்பில் இறங்குவார். அவருக்குப் படம் கிடைக்கும், பின்னால் வருகிறவர்களுக்கு வெறும் சேறுதான்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. தண்ணீரில் ஓடித்தான் மேலேறும், அதற்குச் செலவாகும் சக்தி அதிகம். பக்கத்தில் மேயும் கொசு உள்ளான் என்ற சிறு கரைப்பறவையின் பாடு இன்னும் மோசம். சுமார் 25 கிராம் எடையுள்ள அது, சைபீரியத் துந்திரப் பகுதிக்குத் திரும்பிப் போவதற்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். அதன் குட்டைக் காலுக்கு ஓரிரு செ.மீ. தண்ணீர் நிற்கும் சேற்றோரம்தான் தோது. அங்கிருந்து விரட்டினால் பக்கத்து ஆழத்தில் மேய முடியாது.

மேய்ச்சல் நின்று தலைகள் நிமிர்ந்ததும் அசையாமல் நில்லுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால், ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, பாதையோரத்திலேயே முக்காலியை ஊன்றி ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (பறவை பார்க்கும் தொலைநோக்கி) பாருங்கள். வெயில் ஏறினால் கானலில் உருவங்கள் நெளியும். அப்போது 60 மடங்கு உருப்பெருக்கம் உதவாது, 20–30க்கு இறக்கிவிடுங்கள்.

கணக்கெடுப்பவர்களுக்கும் இது நஷ்டம்: கலைந்த கூட்டம் வேறிடத்தில் இறங்கினால் அதே பறவைகளை இரண்டு முறை எண்ண நேரிடும். அமர்ந்திருக்கும்போதே 10 பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை மனதில் 100க்கு விரித்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் சிதறியும் நிற்கும். ஒரே அளவு இரண்டுக்கும் பொருந்தாது.

காய்ந்த சேற்றை நம்புவது

மேலே வெடித்துக் கிடக்கும், அடியில் குழம்பாக இருக்கும். முழங்கால் வரை இறங்கிய பிறகு கேமரா பையோடு ஏறுவது லேசல்ல. உப்பள வரப்பிலும் ஏறாதீர்கள். அது உடைந்தால் பாத்தியில் காய்ந்து செறிவான நீர் வீணாகும்; அடுத்தவர் உழைப்பு அது.

ஜூனில் வந்து வலசைப் பறவை தேடுவது

அக்டோபர் முதல் மார்ச் வரை வாருங்கள். கனமழை பெய்த கையோடு வேண்டாம். தண்ணீர் வடிந்து சேற்றோரம் தெரியட்டும்.

வெளிமானில் ஆண், பெண் குழப்பம்

முறுக்குக் கொம்பு ஆணுக்குத்தான். இளம் ஆண் பெண்ணைப் போலப் பழுப்பாகவே இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்துப் பெண் என்று எழுதிவிடாதீர்கள்.

குரங்குக்கு பிஸ்கட்

கூடாது.

ட்ரோன்

வனத்துறை அனுமதி இல்லையா, வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இரவில் கடற்கரையில் டார்ச்

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடலாம். பொரிந்து வரும் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போகும். செல்போன் விளக்கும் இதில் சேர்த்திதான்.