ஐப்பசி மழைக்குப் பிறகு விரால் பிடிப்பது எப்படி?

மழை பெய்து குளத்துத் தண்ணீர் குளிர்ந்தால் விரால் இரை எடுக்காது என்பார்கள். எடுக்கும், துரத்திப் போகத்தான் மெனக்கெடாது. அதனால் இந்தப் பருவத்தில் எல்லாமே மெதுவாக நடக்கவேண்டும்.

முதலில் குளம். குமரி மாவட்டத்தில் பல குளங்கள் மீன் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டிலை எடுக்காதீர்கள். சுசீந்திரம், தேரூர் பக்கம் வேண்டாம். 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பறவைகளின் இடம் அது.

சாமான்: ஆறரை அல்லது ஏழடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) ராடு, 3000 அளவு ரீல், 40 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிய) நரம்பு, இரையாக 5 செ.மீ. ரப்பர் தவளை. சாதாரண தங்கூஸ் (நைலான் நரம்பு) இழுத்தால் நீளும். தாமரைத் தண்டுக்குள் மீன் புகுந்தால் கதை முடிந்தது.

பிரெய்டு வழுக்கும், எனவே முடிச்சில் கவனம். நுனியில் 15 செ.மீ. நரம்பை இரட்டையாக மடித்து, மடிப்பைத் தவளையின் வளையத்துக்குள் விடுங்கள். அதையே ஒரு சாதா முடிச்சாகப் போட்டு, மடிப்பு வழியாகத் தவளை முழுவதையும் நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள்.

நேரம்: மழை விட்டு ஓரிரு நாள் வெயில் காய்ந்தபின், காலை 8 முதல் 11 வரை. ஆழம் குறைந்த ஓரங்கள்தான் முதலில் சூடேறும்.

மூச்செடுக்க விரால் மேலே வரும்போது குமிழி தெரியும். அதன் தலையில் வீசாதீர்கள், மிரண்டுவிடும். இரண்டு மீட்டர் தாண்டிப் போட்டு, இரண்டு சுண்டு, ஐந்து நொடி நிறுத்தம் என்று இழுத்து வாருங்கள். இலை இடைவெளிகளில் இன்னும் அதிக நேரம் நிறுத்துங்கள். கலங்கல் தண்ணீரில் சத்தம் எழுப்பும் தவளையே தேவலை.

புதியவர்கள் மீனைத் தவறவிடுவது கடிக்கும் நொடியில்தான். தண்ணீர் வெடித்ததும் கை தானாக வெட்டும், அதாவது முள் ஏற ராடை வெடுக்கென்று இழுக்கும். தவளை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ராடைத் தாழ்த்தித் தளர்வைச் சுற்றி, நரம்பில் கனம் தெரிந்தபின் ஓங்கி வெட்டுங்கள். அப்படியும் தப்பினால் முள்முனைகளைக் குறட்டால் 2 மி.மீ. வெளியே வளையுங்கள். தவளைக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் பிழிந்துவிடுங்கள், ஏறினால் மிதக்காது.

சிவந்த குஞ்சுக் கூட்டம் கண்டால் அங்கே போடவே வேண்டாம். தாய் தகப்பனைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை.

பல் கூர்மை, முள்ளைக் குறட்டால் எடுங்கள். வாளிக்கு மூடி அவசியம்: காற்றைச் சுவாசிக்கும் மீன், எம்பிக் குதித்து ஈரப் புல்லில் நெளிந்தே குளத்துக்குப் போய்விடும்.