ஸ்கூபாவும் படகும் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்கடியில் நீந்துவதைக் கற்க வருகிறவர்களுக்கு ஆழத்தைக் கண்டு பயம். படகு ஓட்டக் கற்பவர்களுக்கு நடுக்கடலைக் கண்டு பயம். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் கவலைப்படுவதோ வேறு இரண்டு இடங்களைப் பற்றி: நீர்மட்டத்துக்குக் கீழே முதல் பத்து மீட்டர், படகுத்துறைக்கு முந்தைய கடைசிப் பத்து மீட்டர்.

முதலாவதற்குக் காரணம் எளிய கணக்கு. நீர்மட்டத்தில் அழுத்தம் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடும். மேலே 6 லிட்டர் இருந்த காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகச் சுருங்கும், 20 மீட்டரில் 2, 30 மீட்டரில் 1.5. முதல் பத்தில் பாதியாகக் குறைகிற அதே காற்று, 20க்கும் 30க்கும் இடையில் கால்பங்குதான் குறைகிறது. காது, சைனஸ், நுரையீரல், மாஸ்க், பி.சி.டி. (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) என்று காற்று அடைபட்ட எல்லா இடத்துக்கும் இதே கணக்குதான். ஐந்து மீட்டர்தானே என்ற அலட்சியம்தான் முதல் தவறு.

காதில் தொடங்குவோம். பெரும்பாலான புதியவர்கள் வலி வந்த பிறகுதான் காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய மூக்கைப் பிடித்து ஊதுகிறார்கள். அதற்குள் நேரம் தாண்டிவிட்டது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் மென்மையானது. ஒன்றரை மீட்டர் வரைகூட சமன் செய்யாமல் இறங்கினால் வெளி அழுத்தம் அதை நசுக்கி மூடிவிடும். பிறகு எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது, செவிப்பறையும் உட்காதும்தான் பாதிக்கப்படும். இறங்குவதற்கு முன்பே மேலே ஒருமுறை ஊதிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மென்மையாக. திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே போய், தலையை நிமிர்த்தி, மறுபடி முயலுங்கள். கால் கீழாக, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினால் வேகம் உங்கள் கையில் இருக்கும்.

சளி பிடித்திருக்கும்போது மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால், ஏறும்போது விரியும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. இறங்குவதைத் தள்ளிப் போடலாம், ஏறுவதைத் தள்ளிப் போட முடியாது. அந்த வாரத்துப் பயிற்சியைத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது மூச்சு. அடக்கவே கூடாது என்பது எல்லா வகுப்பிலும் முதல் விதி. ஆனாலும் பதற்றத்தில் மேலே பாய்கிறவர் இயல்பாகவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். நுரையீரல் நிறையக் காற்றை அடக்கியபடி ஒரு மீட்டரும் கொஞ்சமும் ஏறினாலே திசு கிழிந்து, காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். நீச்சல் குளத்திலும் இது நடக்கும். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாயில் இல்லாத ஒவ்வொரு நொடியும் உதட்டைக் குவித்து மெல்லிய குமிழ்களை விட்டுக்கொண்டிருக்கும் பழக்கத்தைக் குளத்திலேயே உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பதற்றம் பெரும்பாலும் தொடங்கும் இடம் மாஸ்க். உள்ளே தண்ணீர் புகுந்ததும் மூக்கால் இழுத்துவிடுகிறார்கள். புரையேறி மேலே பாய்கிறார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு பாத்திரத் தண்ணீரில் மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயில் வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். சில நிமிடம் பதறாமல் இருக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புது மாஸ்க் பனிபடர்வதற்குக் காரணம் தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த மெல்லிய சிலிக்கோன் படலம். பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் சரியாகும். கசிகிறது என்று பட்டையை இறுக்குவது வீண். விளிம்புக்கு அடியில் முடி மாட்டியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சாமானை மாட்டும்போது செய்கிற தவறுகள் சிறியவை, ஆனால் சங்கடமானவை. சிலிண்டர் பட்டையை உலர்ந்த நிலையில் இறுக்கினால், நனைந்ததும் நைலான் நெகிழ்ந்து சிலிண்டர் நழுவும். நனைத்துவிட்டு இறுக்குங்கள். வால்வை முழுதாகத் திறந்த பிறகு, பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நான்கு முறை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. மேலே மூச்சு விடுவதற்கு அது போதும்; 15 மீட்டரில் போதாது.

மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் பாதிச் சிக்கல்கள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. இறங்க முடியவில்லை என்றதும் இன்னும் இரண்டு கிலோ கட்டிவிடுவது வழக்கம். உண்மையில் அவர் பதற்றத்தில் நுரையீரலை நிரப்பி வைத்திருக்கிறார், அல்லது தெரியாமலே காலை உதைத்துக்கொண்டிருக்கிறார். கூடுதல் எடையை ஈடுகட்ட பி.சி.டி.யில் கூடுதல் காற்று ஊத வேண்டும். அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் விரியும், சுருங்கும். ஆள் ஏறுவதும் இறங்குவதுமாகத் தள்ளாடி, இரண்டு மடங்கு காற்றைச் செலவழிப்பார்.

சரியான எடையை அளக்க வழி இது: சிலிண்டரில் 50 பார் அளவு மிச்சம் இருக்கும்போது, பி.சி.டி.யை முழுக்கக் காலி செய்து, சாதாரண மூச்சை உள்ளே வைத்து, அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல மூழ்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு அளந்தால் கணக்கு தப்பும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. அதன் எடையே மூன்று கிலோவுக்கு அருகில். முடிவில் அதில் இரண்டு கிலோவுக்கு மேல் போய்விடுவதால், ஏறும் வழியில் நிற்க வேண்டிய ஐந்து மீட்டரில் நிற்க முடியாமல் மிதந்து மேலே போவீர்கள். குளத்து எடையையே கடலுக்கும் கொண்டுபோவது இன்னொரு பிழை. உப்புநீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது; ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் இரண்டரை கிலோ கூட்ட வேண்டியிருக்கும்.

காற்றுக் கணக்கையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் இழுப்பார். அதே சிலிண்டரில் 50 பாரை இருப்பாக விட்டால் பயன்படுவது 1,800 லிட்டர், அதாவது 30 நிமிடம். பதற்றத்தில் மேலேயே 30 லிட்டர் இழுப்பவருக்கு 20 நிமிடம்தான். திரும்ப வேண்டிய அளவை, உதாரணமாக 100 பார் என்று, இறங்கும் முன்பே துணையோடு பேசி முடிவு செய்ய வேண்டும். கீழே போய்ப் பேச முடியாது.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இந்த மூன்று நிமிடத்தில்தான். விரிகிற காற்றை பி.சி.டி.யிலிருந்து வெளியேற்ற மறந்தால் கடைசி ஐந்து மீட்டரைக் குண்டுபோல் கடப்பார்கள். இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட மிதவையைச் சுருள் கயிற்றோடு மேலே விடும்போது அந்தச் சுருளை உடம்பில் மாட்டிக்கொள்வதும் இதே வகை ஆபத்து. கயிறு சிக்கினால் மிதவையோடு ஆளும் மேலே போவார். கையில் பிடித்திருந்தால் விட்டுவிடலாம்.

சான்றிதழ் விஷயத்தில் இரண்டு மயக்கங்கள் உண்டு. பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப்போகும் அறிமுக டைவ் தகுதி ஆகாது. ‘பாடி’ (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் படிப்பில் பாடம், குளப் பயிற்சி, நான்கு கடல் டைவ் எல்லாம் முடித்தால் 18 மீட்டர் வரை, அதுவும் துணையோடு. அதில் 200 மீட்டர் நீச்சலும் பத்து நிமிட மிதத்தலும் தேர்வு உண்டு. நேரக் கெடு கிடையாது, எந்தப் பாணியிலும் நீந்தலாம். இரண்டாவது மயக்கம் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை பற்றி ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்துக்கு அலைய வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுகிறார்கள். கையெழுத்து வாங்குவது ஒரு நாள் வேலை. நுரையீரலில் காற்று அடைபடும் கோளாறை மறைத்துவிட்டு இறங்குவது எதில் முடியும் என்று மேலே சொல்லியாயிற்று.

டைவிங் சான்றிதழ் இருப்பதால் படகு ஓட்டத் தெரியும் என்று ஆகாது. படகு உரிமம் நாட்டுக்கு நாடு மாறும். ரேடியோ இயக்கத் தனிச் சான்றிதழ் கேட்கும் இடங்களும் உண்டு. எங்கே ஓட்டப் போகிறீர்களோ அந்த இடத்தின் விதியை முதலில் பாருங்கள். விதிகளில் பொதுவானது 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு ஒழுங்குமுறை. கற்பவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், கடலில் பயன்படுத்தத் தவறுகிறார்கள். எதிரே வரும் படகு உங்களுக்குத் தெரியும் கோணம் மாறாமல், தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் வழியில் இருக்கிறீர்கள். இரண்டு விசைப்படகுகள் குறுக்கே சந்தித்தால், மற்றதைத் தன் வலப்பக்கம் காண்பவர் விலக வேண்டும். விலகுவதை முன்கூட்டியே, எதிராளிக்குப் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். இரண்டு டிகிரி இரண்டு டிகிரியாகத் திருப்பினால் அவருக்கு எதுவும் புரியாது.

துறைமுக மிதவைகளும் ஏமாற்றும். ஐ.ஏ.எல்.ஏ. என்ற சர்வதேச மிதவை முறையில் உலகம் இரண்டு மண்டலம். கடலிலிருந்து உள்ளே வரும்போது ‘ஏ’ மண்டலத்தில் சிவப்பு இடப்பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் அடங்கிய ‘பி’ மண்டலத்தில் சிவப்பு வலப்பக்கம். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் அப்படியே பயன்படுத்தினால் தரைதட்டும்.

கிளம்பும் முன் மறப்பவற்றில் முதலிடம் அடிப்பக்க வடிகால் மூடி. கரையில் மழைநீர் வடியக் கழற்றி வைத்ததை மாட்டாமலே இறக்கிவிடுவார்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அவுட்போர்டின் (படகின் பின்முனையில் மாட்டும் இன்ஜின்) பின்னால் மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் குளிர்ச்சி நீர் ஓடவில்லை, உடனே அணையுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு இருப்பு. கில் கார்டை (ஓட்டுநர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறு) காலில் மாட்டி, ஒருமுறை இழுத்து இன்ஜின் அணைகிறதா என்றும் சோதிக்க வேண்டும். அதை ஸ்டீயரிங்கில் சுற்றி வைப்பவர்கள் உண்டு. ஆள் விழுந்தால் படகு ஓடிக்கொண்டே வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

துறையில் கட்டும் அந்தக் கடைசிப் பத்து மீட்டரில், படகைக் கார் என்று நினைப்பதுதான் பிழை. காருக்கு முன்சக்கரம் திரும்பும். படகுக்குப் பின்பக்கம் வீசும். துறையிலிருந்து விலகுவதற்கு ஸ்டீயரிங்கை வெளிப்பக்கம் முழுதாகத் திருப்பினால் பின்பக்கம் துறையில் இடிக்கும். அவுட்போர்டில் கியர் போடாத வரை திசைக் கட்டுப்பாடே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்: முதலில் திருப்புங்கள், பிறகு ஒரு நொடி கியர், உடனே நியூட்ரல். காற்று, நீரோட்டம் இரண்டில் எது வலுவோ அதை எதிர்த்து வாருங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, இலேசானது, காற்று அதைத்தான் முதலில் தள்ளும். கோணம் தப்பிவிட்டால் வெளியே போய் மறுபடி வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கையால் தடுத்து நிறுத்தப் பார்ப்பவருக்குத்தான் விரல் நசுங்கும்.

நங்கூரத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும், ஏறப்போகும் ஓதத்தையும் (கடல்மட்ட ஏற்றம்) கூட்டி, அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். 8 மீட்டர் ஆழம், 1 மீட்டர் அணியம், 1 மீட்டர் ஓதம் என்றால் 50 மீட்டருக்குக் குறையாமல். சிறு படகைப் பின்பக்கத்திலிருந்து நங்கூரமிட்டால் அலை உள்ளே ஏறி மூழ்கடித்துவிடும்.

டைவிங்கும் படகும் சந்திக்கும் இடத்தில்தான் இரண்டு பயிற்சியும் தனித்தனியே சொல்லித் தராத ஓட்டைகள். எல்லோரும் குதித்துவிட்டு, படகை நங்கூரத்தின் பொறுப்பில் விட்டுவிடுவது அதில் முதன்மையானது. நங்கூரம் இழுபட்டால் நீந்திப் பிடிக்க முடியாது. ஓட்டத் தெரிந்த ஒருவர் மேலே இருக்க வேண்டும். நீலமும் வெள்ளையுமான ஆல்ஃபா கொடி, கீழே ஆள் இருக்கிறது, மெதுவாக விலகிப் போ என்று சொல்வது. ஆள் ஏறிய பிறகும் அதைப் பறக்கவிட்டபடி வேகமாகப் போகிறவர்களால்தான் மற்றவர்கள் அதை மதிப்பதில்லை.

டைவர்களை எடுக்கும்போது குமிழ்கள் வரும் இடத்துக்கு மேலே போகவே கூடாது. காற்றை எதிர்கொண்டு, ஆளை ஓட்டுநரின் கண் படும் பக்கத்தில் வைத்து, மெதுவாக வாருங்கள். ஏணிக்கு வரும் முன் இன்ஜினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது, யாருடைய முழங்கையாவது லீவரில் பட்டால் புரொப்பெல்லர் சுழலும். ஏணியில் ஏறுகிறவருக்குக் கீழே அடுத்தவர் காத்திருந்தால், மேலே இருப்பவர் கை நழுவும்போது சிலிண்டரோடு கீழே இருப்பவர் தலைமேல் விழுவார்.

டைவ் முடித்த கையோடு நங்கூரத்தை இழுக்க நிற்காதீர்கள். திசுக்களில் கரைந்த நைட்ரஜன் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். கடும் உழைப்பு அதைக் குமிழாக்கலாம். மேலே இருந்தவர் இழுக்கட்டும். விமானத்துக்கும் இதே காரணம்: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமாவது தரையில் இருங்கள்.

அவசரம் வந்தால் கைப்பேசியை மட்டும் நம்ப வேண்டாம். அதில் ஒருவருக்கு மட்டும் கேட்கும், வி.எச்.எஃப். என்ற கடல் ரேடியோவின் 16ஆம் சேனலில் சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும் கேட்கும். ‘மேடே’ என்ற அபாய அழைப்பு மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் பட்டனை விட வேண்டும். அழுத்தியே பிடித்திருந்தால் பதில் காதில் விழாது.

கரைக்கு வந்ததும் ரெகுலேட்டரை நன்னீரில் அலசும் முன் தூசி மூடியைத் துடைத்து மாட்டுங்கள். அது தண்ணீருக்குள் இருக்கும்போது பர்ஜ் பட்டனை (வாய்ப்பகுதியிலிருந்து காற்றைப் பீய்ச்சும் பட்டன்) அழுத்தாதீர்கள். சிலிண்டர் இணைப்பு இல்லாதபோது அந்த வழியாகத் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். பி.சி.டி.யின் உள்ளேயும் நன்னீர் விட்டுக் குலுக்கி வடியுங்கள். இன்ஜினிலும் நன்னீரை ஓடவிட்டு உப்பைக் கழுவியதும், வடிகால் மூடியைக் கழற்றி சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.