‘கேஷ்’ காசிலிருந்து வந்ததா? சொல்லின் வேரைத் தேடத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

திருநெல்வேலியில் எந்தக் கடையில் பொருள் வாங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: “கேஷா, ஜிபேயா?” அந்தக் கேஷ் நம் காசிலிருந்து போனதுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால் காசின் பெருமை குறையாது, கூடவே செய்யும். இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரை எப்படித் தேடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் இணைய வசதியுள்ள கைபேசியும் போதும்.

படி 1: இன்றைய பொருள்களை எழுதிக்கொள்ளுங்கள்

அகராதியைத் திறக்கும் முன் உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கேஷ் என்றால் கையில் இருக்கும் ரொக்கம். காசோலையைப் பணமாக்குவதும் ஆங்கிலத்தில் கேஷ்தான். அங்கே அது வினைச்சொல். பிறகு, எதற்கு எதிராக இந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று கேளுங்கள். கடனுக்கு எதிராக, கார்டுக்கு எதிராக. ஆகவே வெறும் ‘பணம்’ என்பதைவிட, ‘இப்போது கையிருப்பில் உள்ள பணம்’ என்பதே இதன் மையப் பொருள். இந்தக் குறிப்பு மூன்றாம் படியில் உதவும்.

படி 2: அகராதியில் எத்தனை கேஷ் என்று எண்ணுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் தாண்டிப் போய்விடுகிற இடம் இதுதான். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள்.

இலவசமாகப் பார்க்க எடிமான்லைன், விக்சனரி என்ற இரண்டு இணைய அகராதிகள் உண்டு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இவற்றைவிட விரிவானது. அதை முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும். எதைத் திறந்தாலும் தலைச்சொல்லுக்கு, அதாவது பதிவின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லுக்கு, பக்கத்தில் 1, 2 என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தலைச்சொல் எண்ணிட்டு இரண்டு முறை வந்தால், எழுத்து ஒன்று, பிறப்பு வேறு என்று பொருள். நம் அகராதிகளில் ‘ஆறு’ இப்படித்தான் பிரிந்து கிடக்கும்: நதி ஒன்று, எண் ஒன்று. கேஷுக்கும் இரண்டு பதிவுகள் இருக்கின்றன.

இரண்டு குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அம்புமுனை போன்ற குறி (<) ‘இதிலிருந்து வந்தது’ என்று சொல்கிறது. சொல்லின் முன்னால் ஓர் உடுக்குறி (*) இருந்தால் அது அறிஞர்கள் ஊகித்து மீட்டமைத்த வடிவம். எழுத்துச் சான்று கிடையாது. உடுக்குறியுள்ள வடிவத்தைக் கண்ணால் பார்த்த சொல்லைப் போல மேற்கோள் காட்டக் கூடாது.

படி 3: முதல் கேஷைப் பின்தொடருங்கள்

ரொக்கம் என்ற பொருளுள்ள கேஷ், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தென்படுகிறது. பிரெஞ்சில் ‘கேஸ்’, இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, அதற்கு முன் இலத்தீனில் ‘காப்ஸா’. மூன்றுக்கும் பொருள் பெட்டி. ஆங்கிலத்திலும் முதலில் வணிகரின் பணப்பெட்டியைத்தான் கேஷ் என்றார்கள். 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் தேய்ந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் நிலைத்துவிட்டது.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்துக்கு வரும் என்று ஐயம் எழுந்தால், டவுனில் ரத வீதிக் கடை ஒன்றில் சற்று நேரம் நின்று பாருங்கள். மேசையின் இழுப்பறைதான் கல்லா. “கல்லாவில் எவ்வளவு இருக்கிறது?” என்று முதலாளி கேட்டால், பையன் பணத்தைத்தான் எண்ணத் தொடங்குவான். தீபாவளி நெருங்கி வியாபாரம் சூடுபிடித்தால் ‘கல்லா கட்டுகிறது’ என்போம். அங்கே பெட்டியை யாரும் நினைப்பதே இல்லை. கையிருப்பு என்ற பொருள் கேஷோடு ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் இப்போது விளங்கும்: பெட்டிக்குள் வந்து சேர்ந்த பணம்தான் கேஷ்.

உறவுச் சொற்களையும் தேடுங்கள். கேஷியர் பணப்பெட்டியைக் காப்பவர். மருந்துக் கடையில் வாங்கும் கேப்ஸ்யூல், அதே காப்ஸாவின் சிறு வடிவம், அதாவது சிறு பெட்டி.

படி 4: இரண்டாம் கேஷுக்கு வாருங்கள்

இதுதான் நம்முடையது. ஆங்கிலேயர் கிழக்கு நாடுகளில் கண்ட சிறு செப்பு நாணயத்துக்கு வழங்கிய பெயர். வழி இதுதான்: தமிழில் காசு, போர்த்துக்கீசியத்தில் ‘கைஷா’, ஆங்கிலத்தில் கேஷ். 1530-களில் முத்துக்குளித்துறையில் காலூன்றிய போர்த்துக்கீசியரின் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி. அதுவும் காப்ஸாவின் வழிவந்ததே. காதில் விழுந்த காசை அவர்கள் பழகிய சொல்லின் சாயலிலேயே எழுதினார்கள். வெவ்வேறு இடங்களில் பிறந்த இரு சொற்கள் ஒரே உருவம் பெற்றது இப்படித்தான். நடுவில் சதுரத் துளையுள்ள சீன நாணயத்தையும் ஆங்கிலத்தில் கேஷ் என்றே சொல்கிறார்கள். சீனர் அதற்கு வைத்திருந்த பெயர் வேறு. தமிழ்ச் சொல் கப்பலேறி அங்கே போயிருக்கிறது.

தமிழ் முனையைச் சரிபார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காசுக்கு நாணயம் மட்டுமல்ல, குற்றம் என்ற பொருளும் உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடான ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என்பதிலும் இது நிற்கிறது. சில அகராதிகள் காசை வடமொழிக் ‘கர்ஷ’த்தோடு இணைக்கும். அந்தக் கருத்தையும் நோட்டில் எழுதி, யார் சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

அகராதியோடு நின்றுவிடாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1808இல் அச்சிட்ட செப்பு நாணயத்தின் ஒரு பக்கத்தில் பாரசீக எழுத்தில் ‘பீஸ்த் காஸ்’, அதாவது இருபது காசு என்று இருக்கும். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘20 கேஷ்’ என்று ரோமன் எண்ணோடு பொறித்திருப்பார்கள். காசும் கேஷும் ஒரே செப்பில் மேலும் கீழுமாக! இதைவிட வலுவான சான்று எதற்கு? இந்த நாணயங்களை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. பிற்காலத்தில் ஏராளமான நாணயங்கள் மீட்கப்பட்டதால், நாணயம் சேர்ப்பவர்களிடம் இவற்றை இன்றும் பார்க்கலாம். கம்பெனிக் கணக்கில் 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற ஒரு நாணயம்.

செங்கோட்டைப் பக்கத்தில் உறவினர் இருந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1956 வரை அது திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த பகுதி. 16 காசு சேர்ந்தால் ‘சக்கரம்’ என்ற ஒரு நாணயம் என்ற கணக்கில் அங்கே புழங்கிய சிறு செப்புக் காசில் ‘ஒரு கேஷ்’ என்று ஆங்கிலத்திலேயே இருக்கும்.

படி 6: போலி உறவுகளை விலக்குங்கள்

ஒலி ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. முந்திரியின் ஆங்கிலப் பெயரான கேஷ்யூ, பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்தது. படையிலிருந்து ஒருவரை விலக்குவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஷியர்’ என்ற வினைக்கும் பணப்பெட்டிக்கும் தொடர்பில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது அவர் அடுக்கியது ஒன்றிரண்டு ஒத்த ஒலிகளை அல்ல. எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேற்றுமை உருபு என்று மொழியின் கட்டமைப்பையே ஒப்பிட்டார். நம் மாவட்டத்தில் நடந்த அந்த உழைப்பை மதிக்கிறோமென்றால், ஆதாரமில்லாத ‘எல்லாம் தமிழே’ பட்டியல்களைப் பகிரக் கூடாது.

பயிற்சி

உவரியிலும் இடிந்தகரையிலும் கரையேறிய கட்டுமரம், ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது. இதில் பிறப்பு பற்றி வழக்கே இல்லை. ஆனால் இன்று அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. சேர்த்துக் கட்டிய மரங்கள் எந்தக் காலத்தில் இரட்டைப் படகாயின என்று அகராதியின் மேற்கோள்களை ஆண்டு வரிசையில் படித்துக் கண்டுபிடியுங்கள். நடுவே ‘சண்டைக்காரப் பெண்’ என்றொரு பழைய பொருளும் எதிர்ப்படும். பூனைக்கான ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் ஏறியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அதை ஆறாம் படியின் கண்ணோடு பாருங்கள்.